ரோஜாப்பூ வந்தால் அத்தை நலமா?

மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார் என் அத்தை. வயது 71. மாமா போய் ஆறு வருஷமாகிறது. மூத்தவன் பெங்களூருவில், இளையவன் துபாயில். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மொத்தம் 43 பேர். தினமும் காலை ஐந்தரை மணிக்கெல்லாம் அத்தையிடமிருந்து ஒரு ரோஜாப்பூ வந்துவிடும். பனித்துளியோடு, 'காலை வணக்கம்' என்று! உடனே ஏழெட்டுப் பேர் கும்பிடு போடுவோம். சிலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவோம். ரோஜா வந்துவிட்டதா... அத்தை நன்றாக இருக்கிறார். அவ்வளவுதான் எங்கள் கணக்கு.

போன வருஷம் ஐப்பசியில் அந்தக் கணக்கு பொய்த்தது. பதினோரு நாள் ரோஜா தவறாமல் வந்தது. அந்தப் பதினோரு நாளும் அத்தையின் இடது கால் சுண்டுவிரல் பழுத்துக்கொண்டிருந்தது. இருபது வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரை நாள்பட்டால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். செருப்பு கடித்தாலும் தெரியாது, புண் ஆழமாகப் போனாலும் வலிக்காது. வாசலில் கோலம் போடும்போது அத்தை காலை இழுத்து இழுத்து நடப்பதைப் பார்த்த எதிர்வீட்டு அம்மாதான் பெங்களூருவுக்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, விரலை எடுத்தார்கள். "இன்னும் நாலு நாள் விட்டிருந்தா பாதத்துக்கே ஆபத்து" என்றார் டாக்டர்.

"ஏன் அத்தை, குரூப்ல ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நல்லா சொன்னே போ! பேத்தி பொறந்த போட்டோவும் கிரகப்பிரவேசப் போட்டோவும் வர்ற எடத்துல, எனக்குப் புண்ணு பழுத்திருக்குன்னு எழுதச் சொல்றியா? நீங்க யாராவது போன் பண்ணியிருந்தா பேச்சுவாக்குல சொல்லியிருப்பேன்" என்றார்.

சுரீரென்றது. குரூப்பைத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பதினோரு நாளில் 43 பேரில் ஒருவர்கூட அத்தைக்குப் போன் செய்யவில்லை. நானும்தான்! முன்பெல்லாம் பத்து நாள் தகவல் இல்லையென்றால் மனசு அடித்துக்கொள்ளும், ஒரு போன் போடுவோம். இப்போது தகவல்தான் தினமும் வருகிறதே! சமூக வலைதளம் உறவைக் கெடுக்கிறது என்று பொத்தாம்பொதுவாகத் திட்ட நான் வரவில்லை. விசாரிக்க வேண்டிய அவசியத்தையே அது நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறது. விசாரிக்காமலே விசாரித்துவிட்ட திருப்தியைக் கொடுத்துவிடுகிறது. என் சண்டை அதனோடுதான்.

'இன்லாண்டு லெட்டர் காலத்தில் மட்டும் எல்லோரும் உண்மையைக் கொட்டினார்களா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதிவிட்டு நோயை மறைத்தவர்கள் அப்போதும் உண்டு. ஆனால், அந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டாக வேண்டும். கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவ முடியாது.

குரலுக்கு அப்படி என்ன விசேஷம்? அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். சின்னப் பெண்களைத் தெரியாதவர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் சொல்லி, பதற வைத்தார்கள். பிறகு சிலர் அம்மாவை நேரில் பார்த்தார்கள். சிலர் போனில் பேசினார்கள். சிலர் கம்ப்யூட்டரில் எழுத்து வழியாக அம்மாவோடு 'சாட்' செய்தார்கள். சிலருக்கு அம்மாவோடு தொடர்பே இல்லை. 2012-ல் வெளியான முடிவு இது: நேரிலும் போனிலும் அம்மா குரலைக் கேட்ட குழந்தைகளுக்கு ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடியது. பதற்றத்தைக் காட்டும் கார்டிசால் இறங்கியது. எழுத்தில் மட்டும் பேசியவர்களுக்கோ, யாரோடும் பேசாதவர்களுக்கு இருந்த நிலைமைதான்! அம்மா ஆறுதல் சொல்லியும், குரல் இல்லாததால் உடம்பு அதை வாங்கிக்கொள்ளவில்லை. சிறுமிகளிடம் செய்த சின்ன ஆய்வுதான், என் அத்தைக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும், "என்ன அத்தை, குரல் ஒரு மாதிரி இருக்கே?" என்று ரோஜாப்பூவைப் பார்த்து யாரால் கேட்க முடியும்?

தனிமை ஏதோ மனசுக்கு மட்டும் வரும் சங்கடம் என்று நினைக்காதீர்கள். உலகில் ஆறில் ஒருவர் தனிமையில் தவிப்பதாகவும், வருஷத்துக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்கு அதோடு தொடர்பு உண்டு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2025-ல் சொன்னது. மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, 'இந்தத் தெருவில் பெரியவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், படகு வேண்டும்' என்று ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் போட்டு, முகம் தெரியாதவர்கள் ஓடி வந்து உதவினார்கள். காது கேளாதவர்கள் இன்று வீடியோ காலில் சைகையால் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். சாதாரணப் போன் அவர்களுக்கு எந்தக் காலத்தில் உதவியது? கவனித்தீர்களா... வெள்ளத்தில் செய்தி போனதும் மனிதர் வந்தார். வீடியோவில் முகமே வந்துவிடுகிறது. ரோஜாவோடு நின்றுபோகிற எங்கள் குரூப்பில்தான் கோளாறு.

"எங்கே சார் நேரம்?" என்பீர்கள். நேற்று ராத்திரி ரீல்ஸ் பார்த்த நேரத்தைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்களேன்! அதில் பத்து நிமிஷத்தை எடுத்து, வாரம் ஒருமுறை, வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்குக் கொடுங்கள். 'எப்படி இருக்கீங்க?' என்று மட்டும் கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் பதில் வரும். என்ன சமையல், ராத்திரி தூங்கினீர்களா, மாத்திரை தீர்ந்ததா, கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவராக இருந்தால், தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது ஞாயிறு காலை அத்தைக்கு நான் போன் செய்கிறேன். காலைப் பற்றி அரை நிமிஷம்தான் பேசுவார். அப்புறம் எதிர்வீட்டுப் பசு கன்று போட்டது, கேஸ் சிலிண்டர்காரன் ஏமாற்றியது, துபாய்ப் பையன் இளைத்துப்போனது என்று இருபது நிமிஷம் ஓடும். போன வாரம் நடுவில் இரண்டு தடவை இருமினார். குரூப்பில் அன்றைக்கும் ரோஜா வந்திருந்தது. நான் டாக்டரிடம் போகச் சொன்னேன்.