யார் வீட்டு ரேடியோ?

சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் நம் பெண்கள், விடியுமுன் அடுப்பு மூட்டும்போதே ரேடியோவையும் திருப்பி விடுகிறார்கள். ராஜபாளையம் மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவனும் டீக்கடையில் செய்தி கேட்கிறான். தன் கூலி பற்றி, தன் உயிர் பற்றி என்ன கேட்கிறான்?

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள். இப்படி ஒரு ஆலை வெடித்தால், சாவு இத்தனை, நிவாரணம் இத்தனை லட்சம் என்பதோடு செய்தி முடிகிறது. உள்குத்தகைக்கு விட்டது யார், மருந்து அறையில் எத்தனை பேரை அடைத்து வைத்தார்கள் என்று சொல்ல, பிழைத்து வந்த தொழிலாளியை மைக் முன்னால் எத்தனை முறை உட்கார வைத்தார்கள்?

இந்த ரேடியோவுக்குப் படியளப்பது மந்திரிகள் அல்ல. சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் நாம் கட்டும் வரிதான்.

1990-ல் பார்லிமெண்ட் பிரசார் பாரதி சட்டம் இயற்றியது. அமலுக்கு வர 1997 ஆயிற்று. செய்தி உண்மையாக இருக்க வேண்டும், மாறுபட்ட கருத்துகளும் வர வேண்டும் என்கிறது அதன் 12-வது பிரிவு. உழைக்கும் வர்க்கத்தின் உரிமைகளைப் பாதுகாப்பதும் இந்த நிறுவனத்தின் வேலை என்கிறது. ஆம் தோழர்களே, சட்டத்திலேயே இருக்கிறது!

ஏட்டில் இருப்பது காற்றில் வருகிறதா? 2017 ஆகஸ்ட் 15-ல் திரிபுரா முதல் மந்திரி மாணிக் சர்க்கார், பசுப் பாதுகாப்பின் பேரால் நடக்கும் தாக்குதல்களைக் கண்டித்துச் சுதந்திர தின உரை தயாரித்தார். திருத்தினால்தான் ஒலிபரப்புவோம் என்றார்கள். அவர் மறுத்தார், உரை வரவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு முதல் மந்திரிக்கே இந்தக் கதி!

2024 மே மாதம், தேர்தல் உரைக்குப் போன சீத்தாராம் யெச்சூரியின் பேச்சில் 'வகுப்புவாத எதேச்சாதிகார ஆட்சி' என்பது போன்ற சொற்களை எடுக்கச் சொன்னார்கள். தேர்தல் கமிஷன் விதியாம்! அப்படியானால் அதே பேச்சின் இந்தி மொழிபெயர்ப்பில் ஒரு குற்றமும் காணவில்லையே, எப்படி? விதி இங்கிலீஷுக்கு மட்டுமா?

காங்கிரஸ்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். 1975 அவசர நிலையில் ரேடியோவை 'ஆல் இந்திரா ரேடியோ' என்று நாடே கேலி செய்தது. நாற்காலியில் ஆள் மாறினான், மைக் மாறவில்லை. 2014 அக்டோபரிலிருந்து பிரதமர் மோடி மாதந்தோறும் தம் 'மனதின் குரலை' அதில் பேசி வந்தார். பதில் சொல்ல எதிர்க்கட்சிக்கு அதே போல் அரை மணி நேரம் கொடுத்தார்களா?

இதையெல்லாம் தட்டிக்கேட்க 22 எம்.பி.க்கள் கொண்ட கமிட்டி அமைக்கச் சொல்கிறது 13-வது பிரிவு. சட்டம் அமலாகிப் பதினேழு வருஷம் கழித்து, 2014-ல், அந்தக் கமிட்டியை அமையுங்கள் என்று சாம் பிட்ரோடா குழு சொல்ல வேண்டியிருந்தது. கணக்குக் கேட்க ஆளே இல்லாத கணக்குப்பிள்ளை என்ன செய்வான் என்பதை மில் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சங்கக் கிளைகள் மதுரை, திருநெல்வேலி வானொலி நிலையங்களுக்குத் தபால் அட்டை போடட்டும். 12-வது பிரிவைக் குறிப்பிட்டு, பட்டாசுத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் வாரம் அரை மணி நேரம் கேட்கட்டும். 13-வது பிரிவுக் கமிட்டி எங்கே என்று விருதுநகர் எம்.பி.யிடமும் கேட்போம்; ஓட்டுக் கேட்டு அவர் வரும் வரை காத்திராமல் இப்போதே கேட்போம்.