யார் செய்த பாவம்?



பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், அவன் அவ்வாறு பிறந்தது யாருடைய பாவத்தினால் என்று ஆண்டவரிடம் வினவியதை யோவான் சுவிசேஷம் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவனுடைய பாவமும் அல்ல, பெற்றோருடைய பாவமும் அல்ல என்று அவர் மறுத்தார். ஆயினும் அந்தக் கேள்வி நம் சபைகளை விட்டு இன்னும் அகலவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையைப் பெற்ற தாயின் காதில் அது விழுந்துகொண்டே இருக்கிறது. பரம்பரைச் சாபம் என்பார் ஒருவர். ஜெபக்குறைவு என்பார் மற்றொருவர்.

இந்நிலையை 1866இல் ஆங்கிலேய மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் விவரித்தார். அதன் காரணமோ 1959இல்தான் பாரிஸ் நகரில் புலப்பட்டது. லெஜூன், கோத்தியே, துர்ப்பன் ஆகிய மூவரும், இப்பிள்ளைகளின் உயிரணுக்களில் 46 குரோமோசோம்களுக்குப் பதிலாக 47 இருப்பதை வெளியிட்டனர். மிகுதியாக இருப்பது 21ஆம் குரோமோசோம்.

பெரும்பாலும் இது தாயின் கருமுட்டை உருவாகையில், பிரிய வேண்டிய இரு குரோமோசோம்கள் பிரியாமற்போவதால் நேர்கிறது. அந்தப் பிரிவு, அத்தாய் தன் தாயின் கர்ப்பத்தில் இருந்தபோதே தொடங்கி, பல ஆண்டுகள் பாதியில் நின்று, பின்னரே நிறைவுறுகிறது. தாயின் வயது ஏற ஏற இதற்கான வாய்ப்பு கூடுகிறது. எனினும் இளந்தாய்மாருக்கும் இப்பிள்ளைகள் பிறக்கிறார்கள். கர்ப்பவதியாய் இருந்தபோது அவள் உண்டதோ, செய்ததோ, ஜெபிக்கத் தவறியதோ இதற்குக் காரணமன்று. ஆண்டவர் அன்று மறுத்த குற்றச்சாட்டுக்கு அறிவியலும் இடங்கொடுக்கவில்லை. சபையார் மட்டும் அதை ஏன் சுமந்து திரிய வேண்டும்?

மூளையைப் பற்றி அறியப்பட்டவையும் நமக்குப் பாடமாகின்றன. நினைவாற்றலுக்குத் துணைசெய்யும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியும் சிறுமூளையும் இவர்களுக்குச் சிறியவையாய் இருக்கின்றன. செவியால் கேட்டதை மனத்தில் நிறுத்துவது கடினம். கண்ணால் கண்டதை நினைவில் கொள்வது அதைவிட எளிது. தாங்கள் பேசக்கூடியதைவிட அதிகமாகவே இவர்கள் புரிந்துகொள்கிறார்கள். ஆகவே, மனப்பாட வசனம் ஒப்புவிக்கவில்லை என்று ஞாயிறு பள்ளியில் ஓரமாய் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்குத் தேவையானது ஒரு படமும், சற்றுப் பொறுமையுமே. அப்பிள்ளையின் முன்னிலையிலேயே "பாவம்" என்று நாம் உச்சுக்கொட்டும்போது, அது அவனுக்கு விளங்காது என்று எண்ணிவிட வேண்டாம்.

மேலைநாடுகளில் 1980களின் தொடக்கத்தில் சுமார் 25 ஆண்டுகளாயிருந்த இவர்களின் சராசரி ஆயுள், இன்று ஏறத்தாழ 60 ஆண்டுகளாக உயர்ந்திருக்கிறது. இதயக் குறைகளுக்கான அறுவைசிகிச்சை அதற்கொரு முக்கியக் காரணம். ஆனால் அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்திற்கு மூலமான மரபணு 21ஆம் குரோமோசோமிலேயே உள்ளது. ஆதலால் 40 வயதுக்குள் பெரும்பாலோரின் மூளையில் அப்படிவுகள் தோன்றிவிடுகின்றன. பிள்ளைக்கு மறதி தொடங்கும் காலத்தில் பெற்றோர் முதுமையிலோ கல்லறையிலோ இருப்பர். "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்பதே அவர்கள் இரவில் சிந்தும் கண்ணீரின் கேள்வி.

நாமோ அற்புத சுகம் வேண்டித் தலைமேல் கைவைத்து ஜெபித்துவிட்டு, வீட்டுக்குச் சென்றுவிடுகிறோம். ஜெபத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் தேவசாயலில் உண்டாக்கப்பட்ட ஒரு மனிதனை, தீர்க்கவேண்டிய வியாதியாக மட்டும் காண்பது விசுவாசமாகாது. சரீரத்தில் பலவீனமாய்த் தோன்றும் அவயவங்களே மிகவும் அவசியமானவை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நம்புவோமானால், அந்த இரவுக் கேள்விக்குச் சபையே விடையாக வேண்டும். ஆராதனையில் அவனுக்கோர் இடம், அவன் செய்யக்கூடிய ஓர் ஊழியம், பெற்றோர் களைத்திருக்கையில் ஒரு மாலைப்பொழுது துணை, அவர்கள் இல்லாத நாளில் அவன் பெயர் சொல்லி அழைக்க ஒரு குடும்பம். இவற்றைக் கொடுக்க நமக்கு அற்புத வரம் தேவையில்லை.

யார் பாவம் செய்தார் என்று கேட்பதை இந்த வாரத்தோடு விட்டுவிடுவோம். யார் துணைநிற்பார் என்று கேட்போம்; நானே என்று சொல்லும் இருதயத்தைக் கர்த்தர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.