வடசென்னை என்றாலே ரவுடியா?

ஜெர்மனியில் 1970 முதல் ஞாயிறு இரவுகளில் வரும் துப்பறியும் தொடர் ‘டாட்ஓர்ட்’. 2007 டிசம்பரில் அதன் ஒரு பகுதி, அலெவி குடும்பமொன்றில் தந்தையே மகளைச் சீரழித்ததாகக் காட்டியது. அலெவிகள் மீது காலங்காலமாகச் சுமத்தப்படும் பழி அது. கொலோன் நகரில் பல்லாயிரம் பேர் திரண்டு கண்டித்தனர்.

நமக்கு இது புதிதல்ல. 2012-ல் நம் அமைப்புகள் எதிர்த்ததும் ‘துப்பாக்கி’ படக்குழு வருத்தம் தெரிவித்துக் காட்சிகளை நீக்கியது. 2018-ல் ‘வடசென்னை’ படத்தின் படகுக் காட்சியை மீனவர்கள் எதிர்த்தபோது, வெற்றிமாறன் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கினார்.

காட்சி போனது, பிம்பம் போகவில்லை. ராயபுரம், திருவொற்றியூர் என்று முகவரி சொன்னாலே எதிரிலிருப்பவர் முகம் மாறுகிறது. கூடவே முஸ்லிம் பெயரும் இருந்தால் வாடகை வீடு தேடுவது எப்படியிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. வலையும் படகும் பாழாயின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இதைத் துப்பறிய எந்தத் திரை நாயகனும் வரவில்லை. சரி, படத்துக்குக் கொதித்த நாம், ஆலையை மூடக் கோரி உட்கார்ந்திருந்த அந்த மீனவர்களின் பந்தலுக்கு எத்தனை பேர் போனோம்?