புகையிலையை விட ஒரு தூது

சிகரெட்டை விடுவது பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று ஒழுக்கக் கட்சி. 'மனம் வைத்தால் இன்றைக்கே விடலாம். விட முடியவில்லை என்பவன் விட விரும்பாதவன்' என்பது அதன் கொள்கை. மற்றொன்று இலக்கியக் கட்சி. விரலிடுக்கில் புகை இல்லாத காம்யுவை நினைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்பது அதன் வழக்கம். கூட்டம் முடிந்து தேநீர்க் கடைக்கு நடக்கையில் இரண்டு கட்சியினரும் அன்போடு சண்டையிட்டுக்கொள்வதை இருபது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். எதிரெதிர் நிற்பவர்கள்போலத் தோன்றினாலும் அடிப்படையில் இவர்கள் ஒரே அணி. புகைப்பவன் தனியன், அவனுடைய சிகரெட் அவனுடைய தனி விவகாரம், விடுவதென்றால் அதையும் அவன் தனியாகவே செய்து முடிக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நான் மறுக்க விரும்புவது இந்த உடன்பாட்டைத்தான்.

(வெண்சுருட்டு என்று எழுதவில்லையே என எந்தத் தமிழாசிரிய நண்பரும் வருந்தவேண்டாம். கடையில் போய் வெண்சுருட்டு கேட்பவர் எவரையும் நான் கண்டதில்லை. வாங்கும் பெயரில்தானே விடவும் வேண்டும்.)

முதலில் இலக்கியக் கட்சி. கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் எடுத்த காம்யுவின் புகைப்படத்தைச் சிற்றிதழ்கள் அச்சிட்டு அச்சிட்டு, உதட்டில் தொங்கும் சிகரெட் சிந்தனையின் இலச்சினை என்றாகிவிட்டது. ஆனால் இந்தப் பெரியவர்கள் புகையைப் பற்றி எழுதியதையும் வாழ்ந்ததையும் கொஞ்சம் பார்க்கவேண்டாமா? இத்தாலோ ஸ்வேவோவின் 'ஸேனோவின் மனசாட்சி' 1923இல் வந்தது. அதன் நாயகன் வாழ்நாள் முழுவதும் 'கடைசி சிகரெட்' பிடித்துக்கொண்டே இருக்கிறான். தேதியைக் குறித்து வைக்கிறான், சபதம் செய்கிறான், மறுபடி பற்றவைக்கிறான். நகைச்சுவையாக எழுதப்பட்டிருப்பதால் சிரிக்கிறோம். உள்ளே இருப்பது ஒரு கைதியின் நாட்குறிப்பு. அதே 1923இல்தான் ஃப்ராய்டின் வாயில் புற்று கண்டறியப்பட்டது. அதன்பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். தாடையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கைத் தாடை பொருத்தினார்கள். 1939இல் இறக்கும்வரை சுருட்டை அவரால் விடமுடியவில்லை. மனித மனத்தின் இருட்டறைகளையெல்லாம் திறந்து பார்த்தவருக்கு மன உறுதி போதவில்லை என்று சொல்ல நம் ஒழுக்கக் கட்சியினருக்கு நா எழுமா?

சார்த்தர் இன்னும் முக்கியமானவர். 'இருத்தலும் இன்மையும்' (1943) நூலில், தான் புகைப்பதை நிறுத்த முனைந்த அனுபவத்தை அவர் ஆராய்கிறார். புகையின் சுவையை இழப்பது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. நாடகம் பார்ப்பது, காலையில் எழுத உட்காருவது, இரவு உணவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பது ஆகியவை புகையில்லாமல் சோபையிழந்துவிடுமே என்பதுதான் அவருடைய அச்சம். சிகரெட் ஓர் இலை மட்டும் அல்ல, அதைச் சுற்றிப் படிந்திருக்கும் உலகம் என்று கண்டுகொண்டவர் அவர். இதைப் புரிந்துகொண்டால், 'தூக்கி எறி' என்று எளிதாகச் சொல்ல வராது. ஒரு சிகரெட்டை எறிவதற்கு மாலை நேரத்தையும், தேநீர்க் கடைப் பெஞ்சையும், 'வா, ஒரு தம் போட்டுட்டு வரலாம்' என்று தோளில் விழும் கையையும் சேர்த்து எறியவேண்டியிருக்கிறது. விட்ட மறுநாள் அந்த மனிதன் நிக்கோடினை மட்டும் இழந்து நிற்பதில்லை. கூட்டாளிகளையும் இழந்து நிற்கிறான்.

இனி ஒழுக்கக் கட்சி. இவர்களுக்கு உடலியல் தெரியாது. தெரிந்துகொள்ள ஆர்வமும் இல்லை. உள்ளிழுத்த புகையின் நிக்கோடின் பத்து இருபது விநாடிகளில் மூளையை எட்டுகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடுகிறது. ஆகவேதான் விழித்ததும் கை பெட்டியைத் தேடுகிறது. விட்டவருக்கு முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல், காரணமற்ற சோகம் எல்லாம் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் மெல்லத் தணியும். இது குணக்கேடு அல்ல, மூளையின் வேதியியல். துணையோ மருந்தோ இல்லாமல் தாமாகவே விட முயல்பவர்களில், ஒரு முயற்சியில் ஆறு மாதமோ ஓராண்டோ தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நான் ஆசிரியன். நூறு மாணவர்கள் எழுதிய தேர்வில் தொண்ணூற்றைந்து பேர் தோற்றால் மாணவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டிவிட்டு வீட்டுக்குப் போகமாட்டேன். பாடம் நடத்தப்பட்டதா என்று கேட்பேன்.

விருப்பம் இல்லை என்பதும் பொய். 2016-17இல் இந்திய அரசு நடத்திய வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, புகைப்பவர்களில் 55.4 விழுக்காட்டினர் விடத் திட்டமிட்டிருக்கிறார்கள் அல்லது விடுவதைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பாதிக்கும் மேல்! காரணத்துக்கும் குறைவில்லை. ரிச்சர்ட் டால் குழுவினர் பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்ட முடிவுகளின்படி, தொடர்ந்து புகைப்பவர் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாகவே இறக்கிறார். அறுபது வயதில் விட்டாலும் மூன்று ஆண்டு மீளும். ஐம்பதில் விட்டால் ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் ஏறத்தாழ முழுப் பத்தும். 'இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது' என்று சொல்லும் ஐம்பது வயது நண்பர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம். இருந்தும், எண்ணம் செயலாகும் இடத்தில் அவர்களோடு எவரும் நிற்பதில்லை.

இங்கே நம் அகமரபு எனக்கு நினைவுக்கு வருகிறது. காம நோயால் மெலிந்த தலைவனைப் பாங்கன் முதலில் இடித்துரைப்பான். அதற்குப் பெயர் கழறல். தலைவன் அவனை எதிர்மறுத்து, இடித்துரைக்கும் நேரத்தில் நோயைத் தீர்க்க வழி இருந்தால் செய் என்கிற பொருளில் பேசுவான். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடியிருப்பது இந்தத் துறையைத்தான். ஆனால் மரபு அங்கே முடிவதில்லை. அதைக் கேட்ட பாங்கன் தலைவன் சொன்ன குறியிடத்துக்குத் தானே போகிறான், பார்க்கிறான், திரும்பி வந்து வழி சொல்கிறான். பாங்கற் கூட்டம் என்று ஒரு பகுதியே அதற்காக இருக்கிறது. கழறியதால் மட்டும் அவன் பாங்கன் ஆவதில்லை; எழுந்து நடந்ததால் ஆகிறான். நாமோ கழறலோடு நின்றுவிட்டோம். திரையரங்கில் கழறல், பெட்டியின் மேல் கழறல், வீட்டில் கழறல், கல்லூரியில் மே 31 அன்று பதாகை பிடித்துக் கழறல். பதாகை பிடித்த கையோடு படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோகிறோம்.

துணை பயன் தரும் என்பது கவித்துவக் கற்பனை அல்ல. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் இடம்பெற்ற 12,067 பேரின் உறவு வலையை 1971 முதல் 2003 வரையிலான பதிவுகளைக் கொண்டு கிறிஸ்டாகிஸும் ஃபௌலரும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். கணவன் மனைவியரில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 விழுக்காடு குறைகிறது. நண்பர் விட்டால் 36. சிறிய நிறுவனத்தில் உடன் வேலை செய்பவர் விட்டால் 34. மனிதர்கள் ஒற்றை ஒற்றையாக விடவில்லை, கூட்டம் கூட்டமாக விட்டிருக்கிறார்கள். அதே ஆய்வு சொல்லும் இன்னொரு செய்திதான் என்னை உறுத்துகிறது. விடாமல் எஞ்சியவர்கள் ஆண்டு செல்லச் செல்ல அந்த வலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். ஓரத்தில் நிற்பவனுக்கு விட்டவர்களோடு தொடர்பு குறைவு; ஆகவே விடும் வாய்ப்பும் குறைவு. முகம் சுளித்து விலகுவதே சீர்திருத்தம் என்று நினைக்கும் நல்லவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அரசும் கழறுகிறது, அதுவும் உரத்த குரலில். 2003இல் புகையிலைச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை கறாரானது. 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் முகப்பில் 85 விழுக்காட்டை எச்சரிக்கைப் படம் நிறைத்திருக்கிறது. இவற்றால் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். 2018 செப்டம்பர் முதல் விட விரும்புவோர் அழைப்பதற்கான 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணையும் பெட்டியில் அச்சிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் நம் ஊரில் எத்தனை பேர் பெட்டியாக வாங்குகிறார்கள்? கடைக்காரர் ஒன்றை உருவிக் கொடுக்கிறார். தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு போகிறார்கள். அந்த எண் கடைக்காரரின் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது. தூது அனுப்பப்பட்டது, சேரவேண்டியவனிடம் சேரவில்லை. ஒருபக்கம் இப்படி எச்சரித்துக்கொண்டே, இந்தியாவின் மிகப் பெரிய சிகரெட் நிறுவனத்தில் சுமார் 15 விழுக்காட்டுப் பங்குகளை இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் வைத்திருக்கிறது. ஆயுளுக்குக் காப்பீடு விற்கும் நிறுவனம்! இதற்கு மேல் அங்கதம் எழுத எனக்குத் திறமை போதாது.

மருந்துகளின் நிலையும் இதுவே. நிக்கோடின் மெல்லும் பசையும் ஒட்டுப்பட்டையும் விடுவதற்கான வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்கும் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. ஆலோசனையும் சேர்ந்தால் இன்னும் நன்று. உலக சுகாதார நிறுவனம் 2009இல் இவற்றை இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இந்தியப் பட்டியலில் 2022இல் சேர்ந்தன. பட்டியல் நீளட்டும். பீடி பிடிக்கும் ஒரு கட்டடத் தொழிலாளி தன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்டால் கையில் கிடைக்கிறதா, அவரோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச அங்கே ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன கணக்கெடுப்பில் பீடி பிடிப்பவர்கள் 7.7 விழுக்காடு, சிகரெட் பிடிப்பவர்கள் 4 விழுக்காடு. நம் விவாதம் முழுவதும் காம்யுவின் சிகரெட்டைப் பற்றியதாக இருப்பதே ஒரு வர்க்கக் கோளாறுதான். அந்தப் பீடியைச் சுற்றுவதற்குத் திருநெல்வேலிப் பக்கமும் வேலூர்ப் பக்கமும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பற்றிப் பேசினால் இந்தக் கட்டுரை வேறொன்றாகிவிடும்.

துணை என்றதும் மனைவியைக் காவலராக நியமித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. சட்டைப் பையை முகர்ந்து பார்க்கும் வேலையும், முதல் வாரத்து எரிச்சலை வாங்கிக்கட்டிக்கொள்ளும் வேலையும் அவளுக்கு. இத்தனை ஆண்டுகள் புகையைச் சுவாசித்ததற்கான பரிசு போலும்! நான் சொல்வது நண்பர்களை. அவன் முன்னால் பற்றவைக்காமல் இருப்பது ஒரு துணை. அவனைத் தேநீருக்கு அழைப்பதை நிறுத்தாமல், வேறு கடைக்கு அழைத்துப்போவது இன்னொரு துணை. அவா எழுந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடத்தில் தொலைபேசியில் எடுத்துப் பேச ஒருவர் இருந்தால் போதும். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம். இருபதாம் நாள் அவன் வழுக்கி ஒன்றைப் பிடித்துவிட்டால், 'எனக்குத் தெரியும், இது எத்தனையாவது தடவை?' என்று சிரிக்காமல் இருக்கவேண்டும். பலர் பலமுறை முயன்ற பிறகே விட்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் போல் புகையிலைக்கு ஊழியம் செய்வது வேறொன்றில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் சீனிச் சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது' பாடினார். உ.வே.சா. அதைப் பதிப்பித்திருக்கிறார். பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்பும் பிரபந்தம் அது. மும்மூர்த்திகள் கதை ஒன்றைப் புனைந்து, 'போகையிலை' என்ற சொல்லிலிருந்து புகையிலைக்குப் பெயர்க்காரணம் காட்டுவார் புலவர். தொலைந்து போகாத இலையாம்! வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்து, மணி அடித்ததும் எதிர்க்கடைக்குப் போவார்கள். கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. கெஜக்கோலை யார் கையில் எடுப்பது என்பதில்தான் சிக்கல்.

தனிமனித சுதந்திரத்தில் தலையிடுகிறேன் என்று இலக்கியக் கட்சி சொல்லும். விட விரும்பாதவரோடு எனக்கு வழக்கில்லை. அவர் பிறர் முகத்தில் ஊதாதவரை அது அவர் பாடு. விட விரும்பியும் முடியாதவனிடம் சுதந்திரம் பற்றிப் பேசுவது, கிணற்றில் விழுந்தவனிடம் நீச்சலின் அழகைப் பேசுவது. நம் கூட்டங்களிலேயே அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை தேநீர் இடைவேளை அறிவித்ததும் அரங்கம் காலியாகும்போது, வெளியே போகாமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் போய் உட்காருங்கள். புகையிலை பற்றிப் பேசவேண்டாம். குறுந்தொகை பற்றிப் பேசலாம், கிரிக்கெட்டானாலும் சரி.