சோளகத்தில் ஒரு தோட்டம்

வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் இன்பத்தையே எழுதுகின்றனர். வெண்டிக்காயை விடியலில் ஒடித்து அன்றைக்கே கறிச்சட்டியில் இடும் மகிழ்ச்சியை நானும் மறுப்பவனல்லேன். ஆயினும், வன்னிப் பெருநிலத்தில் ஒரு வளவைப் பச்சையாக வைத்திருப்பது பருவத்தோடும் காட்டு விலங்கோடும் ஓயாது நடத்தும் வழக்காகும். அவ்வழக்கின் இயல்பறியாதோர் நமக்குப் பயிர்த்தொழில் கற்பிக்க முற்படுவதே என் மனக்குறை.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். டொலரின்றி நாடு தத்தளித்தது. முந்திய ஆண்டில் ஒரே மூச்சில் விதித்து, நவம்பரில் விலக்கிய இரசாயன உரத்தடையால் வயல்கள் சோர்ந்திருந்தன. (வளவுப் பாத்திக்கு மாட்டெருவும் சாம்பலும் போதும், ஏக்கர் கணக்கான நெல்லை ஒரு போகத்துக்குள் அவ்வாறு மாற்றிவிடலாமென எண்ணியது வேறு கதை.) அவ்வேளை, ஜூன் மாதத்தில், அரச ஊழியர்க்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கி, வீட்டில் பயிரிடுமாறு அமைச்சரவை தீர்மானித்தது. எரிபொருளை மிச்சம்பிடிப்பதும் அதன் நோக்கமே.

நோக்கத்தில் பிழை காணேன், காலத்திலேதான் பிழை. ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பை நனைக்கிறது. அதே காற்று மலைநாட்டைக் கடந்து நம் பக்கம் வரும்போது ஈரமிழந்து வெறுஞ் சோளகமாகிவிடுகிறது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ அந்நாளில் காலையில் நட்ட கத்தரிக் கன்று மாலையில் தலைசாய்த்து நிற்கும். நமக்கு மழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகீழ்ப் பருவக்காற்று. கிணற்றில் நீருள்ளோர் இறைக்கலாமே என்பீர்கள். அவ்வாண்டு இறைக்கும் இயந்திரத்துக்கு ஊற்ற மண்ணெண்ணெய்க்கும் நாம் வரிசையில் அன்றோ நின்றோம்! கிணற்றடியில் குளித்த நீர் பாய்ந்து வளர்ந்த வாழையும் பசளியுமே பல வீடுகளில் எஞ்சின.

மழையை வென்றாலும் வேலியை வெல்வது எளிதன்று. கட்டாக்காலி மாட்டைக் கதியால் வேலி தடுக்கும். குரங்கை எது தடுக்கும்? 2025 மார்ச் 15ஆம் நாள் காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடம், தத்தம் வளவிலும் தோட்டத்திலும் கண்ட குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணித் தருமாறு அரசாங்கம் நாடெங்கும் கேட்டது. நகைத்தவர் பலர். நான் நகைக்கவில்லை, எங்கள் தொல்லை ஒருமுறையேனும் கணக்கிலேறியதே! மயில் முருகனின் வாகனம் என்று கும்பிடுவோர் வீட்டுப் பயற்றங்கொழுந்தையும் அது விட்டுவைப்பதில்லை.

இத்தனை இடரிலும் ஏன் நடுகிறோம்? 2009இன் பின் ஊர் திரும்பியோரை நான் பார்த்திருக்கிறேன். கண்ணிவெடி அகற்றியோர் வழிவிட்ட பின்னரே மண்வெட்டி பிடிக்க முடிந்தது. தறப்பாள் கொட்டிலுக்கு வாசற்கதவு வருமுன்னே முற்றத்தில் முருங்கைத் தடியும் மரவள்ளித் தண்டும் ஊன்றப்பட்டன. உண்பதற்காக மட்டுமா? இவ்விடத்தில் இருப்போம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டதாகவே எனக்குத் தோன்றிற்று. முதற் பூசணி காய்த்ததும் அதை ஐந்தாகக் கீறி அயலுக்கு அனுப்பினர்.

அதிகாரிகள் மெய்யாகவே உதவ விரும்பின், விதைப் பொதியைப் புரட்டாதியில் தரட்டும். அதனோடு கம்பிவலைக்கும் தூர்ந்த கிணறு இறைப்பதற்கும் சிறு தொகை ஒதுக்கட்டும். பாடசாலைத் தோட்டத்தையும் தவணை அட்டவணைக்கன்றி வாடைக்காற்றுக்கு ஏற்பத் தொடங்கலாம். மார்கழி விடுமுறையில் அதற்கு யார் காவல் நிற்பதென்பதை அதிபர்களும் பெற்றோரும் இப்போதே பேசிக்கொள்ள வேண்டும்.