கண்ணுக்குத் தெரியாத விஷமும் கண்ணுக்குத் தெரிய வேண்டிய நினைவும்



எனக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம். முதலாமாண்டு சேர்ந்த அன்றே ஹாஸ்டலில் ஒருவன் கேட்டான்: "மலைக்காரனா? அப்போ சரக்கு காய்ச்சத் தெரியுமே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது எது? பாக்கெட் சாராயத்தில் இருந்த மெத்தனால். அது மலையில் ஊறல் போட்டு எடுப்பதல்ல, தொழிற்சாலை ரசாயனம். பார்த்தால் தண்ணீர் மாதிரி இருக்கும். உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும் இதே மெத்தனால் 20 பேருக்கு மேல் கொன்றது. ஒரே வருஷத்தில் மறந்துவிட்டோமே!

மறக்காமலிருக்க என்ன வழி? 'ஆக்மென்டட் ரியாலிட்டி' பற்றி நமக்குத் தெரியும். கைப்பேசி கேமராவில் தெரியும் இடத்தின் மேலேயே இன்னொரு காட்சியைக் காட்டும் நுட்பம். ஜான் கிரெய்க் ஃப்ரீமன் என்ற அமெரிக்கக் கலைஞர், மெக்சிகோ எல்லையைக் கடக்க முயன்று பாலைவனத்தில் மாண்டவர்களுக்கு இப்படித்தான் நினைவுச் சின்னம் செய்தார். உடல் கிடைத்த இடத்தில் கைப்பேசியைத் தூக்கினால் ஓர் எலும்புக்கூட்டு உருவம் தெரியும். வெறுங்கண்ணுக்கு மணல் மட்டும்தான்!

நம்ம மலையில் பிறந்து வரும் கோமுகி ஆற்றங்கரையில்தான் கருணாபுரத்துச் சிதைகள் எரிந்தன. அங்கே நாமும் ஒன்று செய்யலாம் என்பது என் கருத்து. எலும்புக்கூடு வேண்டாம், செத்தவர் முகமும் வேண்டாம். கேமராவில் தெரியும் ஆறும் கரையும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி இருண்டு போகட்டும். மெத்தனால் குடித்தவன் கண்ணுக்கு உலகம் எப்படிப் போயிருக்கும் என்று பார்ப்பவன் ஒரு நிமிஷம் உணரட்டும். பிறகு அது எந்த ரசாயனம், உடம்பில் என்ன செய்யும் என்று தமிழில் ஒரு குரல் சொல்லட்டும்.

ஆனால் ஒன்று. புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்த அந்த வீட்டு அம்மாக்களிடம் முதலில் கேட்க வேண்டும். "வேணாம்பா" என்றால் விட்டுவிட வேண்டும். அவர்கள் துக்கம் நம் பிராஜெக்டுக்கு மார்க் அல்ல! கைப்பேசி இல்லாதவருக்காகப் பக்கத்தில் ஒரு கல்லும் நிற்க வேண்டும்.

கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ், சிவில் என்று எல்லாத் துறையும் நம்மிடம் இருக்கிறது. முதலில் கருணாபுரம் போய்க் கேட்டுவிட்டு வருவோம். ஹாஸ்டலில் அன்று சிரித்த நண்பனையும் கூப்பிடுகிறேன். வருவாயா?