இரண்டாவது வழி

சுரங்கத் தொழிலில் ஒரு பால பாடம் உண்டு. ஆட்கள் இறங்கி வேலை செய்யும் சுரங்கத்திலிருந்து வெளியே வரக் குறைந்தது இரண்டு வழிகள் இருக்க வேண்டும். ஒன்று அடைபட்டால் மற்றதில் தப்பி வரலாம். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உழைத்த கோலார் தங்கவயல் தமிழர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தரைக்கு மேலே அந்த ஊர் எப்போதும் ஒற்றை வழியை நம்பித்தான் வாழ்ந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. பிறகு மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயில்தான் கதி என்றாயிற்று. 2020 மார்ச்சில் கொரோனா அந்த ரயிலையும் நிறுத்தியது. கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் அலுவலகம் வீட்டுக்கே வந்தது. பிழைப்பு இப்போது இன்டர்நெட் இணைப்பில் தொங்கியது.

ராபர்ட்சன்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு போனில் வாடிக்கையாளர்களின் குறை கேட்கும் வேலை. இணைப்பு அறுந்தால் அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. வீட்டு வைஃபையோடு செல்போன் இணைப்பையும் லேப்டாப்பில் சேர்த்துப் போட்டாள். "ரெண்டு போட்டும் வேகம் கூடலையே அண்ணா" என்றாள்.

கூடாது. இரண்டு இணைப்புகள் இருந்தாலும் கம்ப்யூட்டர் தனக்கு மேலானதாகத் தோன்றும் ஒன்றில்தான் எல்லாவற்றையும் அனுப்பும். மற்றது சும்மா கிடக்கும். முதலாவது செத்தால் இரண்டாவதுக்குத் தாவும். ஆனால் முகவரி மாறிவிடுவதால் நடந்துகொண்டிருந்த பேச்சு பெரும்பாலும் அறுந்துபோகும். இரண்டையும் உண்மையாகவே ஒன்றாக்க வேண்டுமானால், தகவலைத் துண்டு துண்டாக இரு வழியிலும் அனுப்பி, தொலைவில் ஒரு சர்வரில் மறுபடி கோர்க்கும் சாஃப்ட்வேர் வேண்டும். அதற்கும் பெரும்பாலும் மாதக் கட்டணம் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரண்டு இணைப்பும் ஒரே கம்பெனியின் ஒரே டவரிலிருந்து வந்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். ஒன்று கேபிள், மற்றது வேறு கம்பெனியின் சிம் என்றிருந்தால்தான் அது இரண்டாவது வழி. மின்சாரம் போனால் கேபிளுக்கான பெட்டியும் அணையும் என்பதால் அதற்கொரு பாட்டரியும் தேவை.

மின்சாரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்த ஊருக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான். தங்கம் தேவைப்பட்டபோது கம்பியின் செலவு யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

இன்று அந்தப் பெண் இரண்டு இணைப்புக்கும் தன் சம்பளத்திலிருந்து கட்டுகிறாள். அவள் வீட்டிலிருந்து வேலை செய்வதால் நாற்காலியும் வாடகையும் மிச்சமாவது நிர்வாகத்துக்கு. இணைப்பு அறுந்தால் நஷ்டம் மட்டும் அவளுக்கு. இது என்ன நியாயம்?

சுரங்கத்தில் இரண்டாவது வழியைத் தொழிலாளி தன் கூலியில் தோண்டவில்லை. நிர்வாகம்தான் தோண்டிக் கொடுத்தது.